கொழுப்பு கரையட்டும்

மார்ச் 14, வெள்ளி.

இன்று வகுப்பில் ஒரு தவறு செய்தேன். சாப்பாடு கிடைக்காத உடம்பு முதலில் எதை எரிக்கும் என்று டீச்சர் கேட்டார். எல்லோருக்கும் முந்திக்கொண்டு "கொழுப்பு" என்றேன். தப்பு. முதலில் தீர்வது கல்லீரலில் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை. அது ஒரு நாள் போல் தாங்கும். அதற்குப் பிறகுதான் கொழுப்பு. அப்போதும் கொழுப்பு மட்டும் போவதில்லை, கூடவே தசையும் கரைகிறது. இதயமும் தசைதான் என்று டீச்சர் சொன்னபோது பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழக வேண்டும். அண்ணனைப் பற்றி இன்றும் தகவல் இல்லை.

இதை எழுதியவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. பேக்கரியில் ரொட்டி மாவை உருண்டை பிடித்து நிறுத்துப் போடுவது அவள் வேலை. அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் ஒட்டிக்கொண்டு வந்தது. தட்டில் விழும் ஒவ்வொரு கரண்டியையும் கண்ணாலேயே எடை போடுவாள். ஒருநாள் அண்ணன் "என்ன தராசு, எவ்வளவு இருக்கு?" என்று கேட்டுவைத்தான். அன்றோடு பழைய பெயர் போயிற்று. சாயங்காலமானால் கையில் மாவு காயக் காயப் பஸ் பிடித்து ஊட்டச்சத்து வகுப்புக்கு ஓடுவாள். அங்கே எதையும் சொல்வதற்கு முன் இரண்டு தடவை யோசிப்பாள், சொல்லிவிட்டு நாலு தடவை யோசிப்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை வகுப்பு கலைந்த பிறகும் அவளுக்கு மனசு ஆறவில்லை. தப்பைச் சரியாகப் புரிந்துகொண்டோமா என்று உறுதி செய்துகொள்ள டீச்சரின் பின்னாலேயே பஸ் நிறுத்தம் வரை நடந்தாள்.

"அப்போ டீச்சர், பட்டினி கிடந்தவங்களுக்கு நிறையக் குடுத்தா தசை திரும்ப வந்துடுமா?"

"நிறையக் குடுத்தா ஆளே போயிடலாம்" என்றார் டீச்சர். பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் சாப்பாட்டுக்குத் திட்டம் போடுகிறவர் அவர். "பட்டினியில பாஸ்பேட்டு, பொட்டாசியம், மெக்னீசியம், பி ஒண்ணு வைட்டமின் எல்லாம் அடிமட்டத்துக்கு வந்திருக்கும். வெளிய தெரியாது. திடீர்னு சர்க்கரை உள்ள போனா இன்சுலின் சுரக்கும். சர்க்கரையை எரிக்கறதுக்காகச் செல்லுங்க ரத்தத்துல இருக்கற மிச்சம் மீதியையும் உறிஞ்சிக்கும். அப்புறம் இதயம் எதை வெச்சுத் துடிக்கும்? பட்டினியில தப்பிச்சவன் சாப்பாட்டுல போயிடுவான்."

எத்தனை நாள் பட்டினி கிடந்தால் இந்த ஆபத்து என்று அவள் கேட்டாள். டீச்சர் ஐந்து என்றாரா, பத்து என்றாரா என்பது வந்து நின்ற பஸ்ஸின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. திரும்பக் கேட்க வெட்கமாக இருந்தது.

அண்ணன் காணாமல் போய் அப்போதே பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது.

அவனுக்கு ஐஸ் கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை. உறைந்த இறைச்சியும் மீனும் வந்து இறங்கும் இடம் அது. அங்கே தரை கழுவும் அக்கா ஒருத்தி இருந்தாள். வாளி தட்டிக் கவிழ்ந்ததற்காக சூப்பர்வைசர் அவளைக் கன்னத்தில் அறைந்தான். அறைந்த கை கீழே இறங்குவதற்குள் அண்ணனின் முஷ்டி அவன் மூக்கில் இருந்தது. மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். அன்று மாலை அண்ணன் தோல் பெயர்ந்த விரல்களை வீட்டில் எல்லோருக்கும் காட்டிச் சிரித்தான்.

அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த நாள் காலையில் அவன் தட்டின் முன் உட்கார்ந்ததும் தட்டைப் பிடுங்கினாள்.

"வேலை போச்சுன்னா அந்த மூக்கா வந்து நமக்குச் சோறு போடும்? கொழுப்பு! உடம்பு பூரா கொழுப்பு! இன்னைக்கு ஒரு பருக்கை கிடையாது. போ, கரையட்டும்."

"கரையட்டும், கரையட்டும். இடுப்பு இளைச்சா நீதான் முதல்ல சந்தோஷப்படுவே" என்று சொல்லிவிட்டு அவன் வெறும் வயிற்றோடு கிளம்பினான். சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன் என்று வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னான். அதற்குப் பிறகு அவனைப் பார்த்தவர் இல்லை.

சூப்பர்வைசர், மூக்கில் பிளாஸ்திரியோடு, "அவனா? சண்டை போட்ட மறுநாளே சொல்லாம கொள்ளாம ஓடிட்டான்" என்றான். போலீஸ்காரர் நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, "பொண்டாட்டி தட்டைப் பிடுங்கினா புருஷன் வேற தட்டைத் தேடிப் போவான்மா. பசி அடங்கினா வருவான்" என்றார். அண்ணி அதற்குப் பிறகு யாரிடமும் எதையும் கேட்கவில்லை. தினமும் சமைத்தாள், தட்டில் போட்டு மூடி வைத்தாள், காலையில் குப்பையில் கொட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைத் தட்டியது அந்தத் தரை கழுவும் அக்கா. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"மூணாம் நம்பர் ரூமுக்குள்ள யாரோ தட்டறாங்க. அதுல குளிர் மெஷின் செத்து ரெண்டு வருஷமாச்சு, யாரும் திறக்கறதே இல்ல. எலின்னு சொன்னான் சூப்பர்வைசர். எலி எப்பிடிம்மா மூணு தட்டு தட்டி நிறுத்தி, மறுபடி மூணு தட்டு தட்டும்? நேத்து வரைக்கும் பலமா இருந்தது. இன்னைக்கு காதை வெச்சாத்தான் கேக்குது."

அண்ணியின் தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவனை எல்லோரும் கூப்பிடுவது வெல்டர் என்றுதான், தொழிலும் அதுதான். எழுந்து கடப்பாரையைக் கையில் எடுத்தான்.

"போலீசுக்குச் சொல்லிட்டு..." என்றாள் தராசு.

"நீ சொல்லிட்டே வா. நான் போறேன்."

கிடங்கு பக்கத்துத் தெருதான். ஞாயிறு என்பதால் முன் கேட் மூடியிருந்தது. அக்கா பின்பக்கம் கழிவுநீர் போகும் வழியாக அவர்கள் இருவரையும் கூட்டிப் போனாள். உள்ளே நடைவழி முழுக்க உறைபனி படிந்த கதவுகள். மூன்றாம் கதவில் மட்டும் பனி இல்லை. தாழ்ப்பாளில் புதுப் பூட்டு தொங்கியது. தராசு கதவில் காதை வைத்தாள். மூன்று தட்டு. நகத்தால் தட்டுவது போல மெல்ல.

வெல்டர் தாழ்ப்பாளுக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். இரும்பு கத்தியது. அந்தச் சத்தத்துக்கு நடைவழியின் கோடியிலிருந்து சூப்பர்வைசர் ஓடி வந்தான். கதவகல உடம்பு, கையில் பெட்டி இழுக்கும் கொக்கி.

"எவன்டா அது? ஓ, மச்சானா? உன் மாமனுக்குக் கொழுப்பு ஜாஸ்தி ஆயிடுச்சுப்பா. கரையட்டும்னு உள்ள வெச்சிருக்கேன். தண்ணி இருக்கு, காத்து இருக்கு. கரைஞ்சதும் நானே அனுப்பறேன்."

வெல்டர் கடப்பாரையைத் தாழ்ப்பாளிலிருந்து உருவித் திரும்புவதற்குள் கொக்கி அவன் தோளில் இறங்கிவிட்டது. சதை கிழியும் சத்தம் ஈரத்துணியைக் கிழிப்பது போலக் கேட்டது. சூப்பர்வைசர் கொக்கியைப் பிடித்து இழுக்க, கொக்கியோடு வெல்டரும் தரையில் இழுபட்டான். தராசு அந்தத் தடித்த கையில் தொங்கினாள். அவன் முழங்கையை ஒரு வீசு வீசினான். அவள் பல் உதட்டைக் கிழித்தது, வாயெல்லாம் உப்புக் கரித்தது.

அப்போது அக்கா முன்னால் வந்தாள். அவசரமே இல்லை. இடுப்பில் செருகியிருந்த பையை அவிழ்த்து ஒரு கை பிளீச்சிங் பவுடரை அள்ளி, அவன் கண்ணைப் பார்த்தே வீசினாள்.

"வாளியைக் கவுத்தேன்னு தானே அறைஞ்சே? இந்தா, சுத்தம் பண்ணிக்கோ."

அவன் அலறினான். கொக்கி கைநழுவி விழுந்தது. வெல்டர் முட்டி போட்டு எழுந்து கடப்பாரையால் அவன் மணிக்கட்டில் ஒரு போடு போட்டான். எலும்பு உடைந்தது எல்லோருக்கும் கேட்டது. அவன் விழுந்த பிறகும் வெல்டர் நிறுத்தவில்லை. முழங்காலில் ஒன்று, விலாவில் ஒன்று. மூன்றாவது தலைக்கு ஓங்கியபோது தராசு கடப்பாரையின் மறுமுனையைப் பிடித்தாள்.

"அண்ணன் உள்ள இருக்கான்டா. முதல்ல அவன்."

பூட்டு தெறித்தது. உள்ளே சாம்பல் வெளிச்சம், மூத்திர நாற்றம். மூலையில் சொட்டிக்கொண்டிருந்த குழாய்க்குக் கீழே அண்ணன் உட்கார்ந்திருந்தான். முன்னால் பார்த்த ஆளின் சட்டையை யாரோ கம்பில் மாட்டி வைத்தது போல் இருந்தது. புருவத்துக்கு மேலே பழைய அடி கறுத்துக் காய்ந்திருந்தது. மன்னிப்புக் கேட்கக் குனிந்தவனைச் சூப்பர்வைசர் கம்பியால் அடித்து உள்ளே தள்ளியிருக்கிறான் என்பது பிறகு தெரிந்தது.

"இடுப்பு இளைச்சுட்டேனா?" என்று கேட்டான் அண்ணன்.

வெல்டர் அழுதுகொண்டே அவனைத் தூக்கினான். பிறகு சூப்பர்வைசரின் காலைப் பிடித்து இழுத்து அதே அறைக்குள் போட்டான். "போலீஸ் வர்ற வரைக்கும் உன் கொழுப்பும் கொஞ்சம் கரையட்டும்." அக்கா வாளியைக் கவிழ்த்துக் கதவை ஒட்டிப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். "நீங்க போங்க. இவன் எங்கயும் போக மாட்டான்."

தராசு போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் போன் செய்திருந்தாள். பாலத்தில் ஏதோ விபத்து, ஆம்புலன்ஸ் வரக் கொஞ்சம் தாமதமாகும், கிடங்கின் பூட்டிய கேட்டைவிட வீட்டு வாசலுக்கு வருவது சுலபம் என்றார்கள். ஆகவே பின்பக்கம் நிறுத்தியிருந்த வெல்டரின் லோடு வண்டியில் அண்ணனைப் படுக்க வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். வழி நெடுக அவன் தலை அவள் மடியில் கிடந்தது. ஒரு கோதுமை மூட்டையின் எடையை விரலால் சொல்கிறவளுக்கு அந்தத் தலையின் எடையைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போதே அடுப்பு வாசனை வந்தது. அக்கா வந்து சொன்ன அந்தக் கணத்திலேயே அண்ணி அடுப்பைப் பற்ற வைத்திருந்தாள். ஒரு சட்டி நிறையச் சோறு, அவித்த முட்டைகள், வெண்ணெய் தடவிய ரொட்டி, வாழைப்பழம், பால். புருஷனைப் பார்த்ததும் அவள் கத்தவில்லை, விழவில்லை. நேரே அடுப்படிக்குப் போனாள். ஒரு பெரிய கண்ணாடி டம்ளர் பாலில் சர்க்கரையைக் கையால் அள்ளிப் போட்டாள். ஒரு அள்ளு, இன்னொரு அள்ளு.

"வேணாம் அண்ணி" என்றாள் தராசு.

அண்ணிக்கு அது காதில் விழவேயில்லை. பாயில் படுத்திருந்தவனின் தலையைத் தூக்கி டம்ளரை வாயில் வைத்தாள். அவன் குடித்தான். தொண்டை ஏறி ஏறி இறங்கியது. குடிக்கக் குடிக்க அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

தராசுக்குள் கணக்கு ஓடியது. பஸ் நிறுத்தத்தில் டீச்சர் சொன்னது ஐந்து நாளா, பத்து நாளா? எதுவானாலும் இவன் அதைத் தாண்டியவன். ஆனால் நான் சரியாகக் கேட்டேனா? முந்திக்கொண்டு தப்பாகச் சொல்கிறவள்தானே நான்? ஒருவேளை நோயாளிகளுக்கு மட்டும் என்று சொன்னாரோ? பசியில் செத்துக்கொண்டிருக்கிறவன் வாயிலிருந்து பாலைப் பிடுங்கச் சொல்லித் தருவார்களா? டம்ளர் பாதியாகியிருந்தது. அண்ணியின் மறுகை கூடவே கொண்டுவந்திருந்த ரொட்டித் துண்டை எடுத்தது.

தராசு டம்ளரைத் தட்டிவிட்டாள்.

தட்டிய வேகத்தில் கண்ணாடி அண்ணியின் கையிலேயே உடைந்தது. வலது உள்ளங்கையின் குறுக்கே சதை பிளந்து, பாலும் ரத்தமும் சேர்ந்து பாயில் ஓடின. ஒரு கணம் அண்ணி தன் கையைப் பார்த்தாள். பிறகு நாத்தனாரைப் பார்த்தாள்.

"என்னடி பண்ணே?"

"குடுக்கக் கூடாது அண்ணி. இத்தனை நாள் பட்டினி கிடந்தவங்களுக்குச் சர்க்கரையை மொத்தமாக் குடுத்தா நெஞ்சு நின்னு போயிடும். வகுப்புல..."

ரத்தக் கை கன்னத்தில் இறங்கியது. இரண்டாவது அறை அதைவிடப் பலம். அண்ணி அவள் தலைமுடியைப் பிடித்துச் சுவரோடு மோதினாள்.

"வகுப்பா? ராத்திரி பகலா இந்த வயிறு எப்பிடி எரிஞ்சிருக்கும், உன் வகுப்புக்குத் தெரியுமா? நான் பிடுங்கினேன்டி அந்தத் தட்டை! நான்தான் கரையட்டும்னு சொன்னேன்! என் கையால ஒரு வாய் போடலேன்னா நான் இனி எப்பிடிச் சோறு திங்கறது?"

"நாளைக்குப் போடுங்க. கொஞ்சமாப் போடுங்க. ஆம்புலன்ஸ் வரட்டும்..."

வெல்டர் அவள் தோளைப் பிடித்துத் தூக்கி ஓரமாக எறிந்தான். அலமாரிக் கதவு நொறுங்கியது. அவன் தோளிலிருந்து வழிந்த ரத்தம் அவள் கழுத்தில் சூடாக விழுந்தது. "மாமாவைச் சாவக் கொடுக்கப் பாக்கறியா தராசு? இந்த வாயை எத்தனை நாளாப் பூட்டி வெச்சான் அவன். இப்போ நீ பூட்டறியா?"

அந்தக் கேள்வியைத்தான் அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இதற்கிடையில் அண்ணன் பாயிலிருந்து உருண்டு, கைகளை ஊன்றி, சிந்திய பாலை நோக்கித் தவழ்ந்துகொண்டிருந்தான். நாக்கு வெளியே வந்திருந்தது. பால் முழுக்க உடைந்த கண்ணாடி. தராசு பாய்ந்து அவன் மேல் விழுந்தாள். அவன் இரு கைகளையும் தன் முழங்காலுக்குக் கீழே அமுக்கினாள். எத்தனையோ பெட்டிகளைத் தூக்கிய கைகள். இப்போது அவள் எடைக்கே அசையவில்லை. ஆனால் பல் இருந்தது. அவள் முன்னங்கையில் பற்கள் இறங்கின. விடவில்லை. தோல் கிழிந்து உள்ளே போனது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கடித்துக்கொண்டிருக்கும் வாய்க்குள் வேறெதுவும் போகாது என்று அவளுக்குத் தோன்றியது.

"பசிக்குதுடா தராசு" என்றான் அவன், அவள் ரத்தம் பட்ட உதடுகளால். "நான் என்ன தப்புப் பண்ணேன் உனக்கு?"

அண்ணி சோற்றுச் சட்டியை எடுக்க அடுப்படிக்குத் திரும்பினாள். தராசு எழுந்தாள். யாரும் எதிர்பாராத வேகம். வாசலில் வெல்டர் சாய்த்து வைத்திருந்த கடப்பாரை அவள் கைக்கு வந்தது. அண்ணிக்கு முன்னால் அடுப்படிக்குள் ஓடி, சட்டியைக் கடப்பாரையால் ஓங்கி அடித்தாள். கொதிக்கும் சோறு தரையில் சிதறியது. முட்டைப் பாத்திரம், பால் பாத்திரம், சர்க்கரை டின், ரொட்டி, ஒவ்வொன்றாக விழுந்தன. எவையெவை உயிரைக் காப்பாற்றும் என்று மாதக் கணக்கில் மனப்பாடம் செய்தாளோ, அவற்றையெல்லாம் வரிசையாக உடைத்தாள். புரதம் சுவரில் தெறித்தது. மாவுச்சத்து அவள் காலில் சூடாக ஒட்டியது. உடைத்து முடித்து அடுப்படி வாசலில் கடப்பாரையைக் குறுக்கே பிடித்து நின்றாள். உதடு கிழிந்து, கன்னத்தில் அண்ணியின் கை அச்சோடு, கையில் அண்ணனின் பல் அச்சோடு.

"கிட்ட வந்தா மண்டை உடையும். யாரா இருந்தாலும். நான் சொல்றது தப்பா இருந்தா அப்புறம் என்னைக் கொன்னுடுங்க. இப்போ வராதீங்க."

"கொல்லத்தான் போறேன்" என்று சொல்லிக்கொண்டே வெல்டர் ஒரு அடி வைத்தான். அவள் வீசினாள். கடப்பாரை நிலைப்படியில் பட்டு மரம் பிளந்தது. அவன் காதுக்கும் அதற்கும் நடுவில் ஒரு விரல்தான் இடைவெளி. அவன் நின்றான். இந்தப் பெண் உண்மையிலேயே அடிப்பாள் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அவளுக்கும் அப்போதுதான் புரிந்தது.

அந்த அமைதியில் அண்ணன் ஒரு சத்தம் போட்டான். முனகல் இல்லை, விக்கல் போல ஒன்று. எல்லோரும் திரும்பினார்கள். அவன் உதடு ஊதா நிறத்துக்குப் போயிருந்தது. சட்டைக்குள்ளே நெஞ்சு, கைக்குள் பிடித்த கோழிக்குஞ்சின் நெஞ்சு போலப் படபடத்தது. தராசு கடப்பாரையைப் போட்டுவிட்டு மண்டியிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி ஓடியது, நின்றது, இரண்டு துடிப்பைத் தாண்டிக் குதித்தது, மறுபடி ஓடியது.

அண்ணி ரத்தம் சொட்டும் கையைத் தன் வாய்மேல் வைத்துக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் வந்தபோது வீட்டில் காயமில்லாதவர் ஒருவரும் இல்லை. உள்ளே வந்த ஆள் சோறும் கண்ணாடியும் ரத்தமும் கிடந்த தரையைப் பார்த்துவிட்டு, "இதுல யாரு பேஷண்ட்?" என்று கேட்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வி, "சாப்பிட என்ன குடுத்தீங்க?"

அண்ணி தலையைக் குனிந்தாள். தராசு சொன்னாள்: "பால், அரை டம்ளர். சர்க்கரை ரெண்டு கைப்பிடி போட்டது. அதுல பாதிதான் கரைஞ்சிருக்கும். வேற எதுவும் இல்ல."

"வேற எதுவும்?"

"என் கை கொஞ்சம்" என்றாள். டாக்டரம்மா அவள் முன்னங்கையைப் பார்த்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார்.

அன்று மாலை முழுக்க அண்ணனின் படுக்கைக்கு மேலே பச்சைக்கோடு தாறுமாறாகக் குதித்தது. ஒருமுறை நேர்க்கோடாக நீண்டது. நர்ஸ்கள் திரையை இழுத்தார்கள். உள்ளே யாரோ எண்ணிக்கொண்டே அவன் நெஞ்சை அமுக்கினார்கள். வெளியே வெல்டர் கட்டுப் போட்ட தோளால் சுவரை இடித்துக்கொண்டே இருந்தான், தையல் பிரியும் வரை. கோடு மறுபடி குதிக்க ஆரம்பித்த பிறகும் அவனால் நிறுத்த முடியவில்லை. இரண்டு பேர் வந்து பிடித்தார்கள்.

பொழுது சாய்ந்த பிறகு டாக்டரம்மா வெளியே வந்தார். ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மிகக் கீழே போயிருந்தன, ஊசி வழியாக ஏற்றுகிறோம், பி ஒன்றும் போடுகிறோம், ஆபத்து இன்னும் தாண்டவில்லை என்றார். பிறகு அண்ணியிடமும் தராசிடமும் சேர்த்தே சொன்னார்.

"அந்த அரை டம்ளர் பாலே கொஞ்சம் அதிகம்தான். ஆனா அதோட நின்னதாலதான் சமாளிக்க முடியுது. ரெண்டு ஸ்பூன் குடுத்திருந்தா ஒண்ணுமே ஆகியிருக்காது. அந்தச் சட்டி முழுக்க உள்ள போயிருந்தா வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சிருக்கும்."

அப்படியென்றால், டம்ளரை உடைத்திருக்க வேண்டாம். மெல்ல வாங்கி இரண்டு ஸ்பூன் கொடுத்திருக்கலாம். சட்டியை மட்டும் உடைத்திருந்தால் போதும். தராசு அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். அண்ணியின் உள்ளங்கையில் நரம்பு அறுந்திருந்தது. தையல் போட்டவர் சுண்டுவிரல் இனி முழுசாக மடங்காது என்று சொல்லிவிட்டார். பாதிச் சரி என்பது வகுப்பில் பாதி மதிப்பெண். இங்கே அது ஒரு விரல்.

"அண்ணி" என்றாள்.

"பேசாதே."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான். வாசலில் வெல்டர், தோளில் புதுத் தையலோடு, யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்: "அந்த சூப்பர்வைசரையும் இங்கதான் கொண்டு வந்து போட்டிருக்காங்க. கீழ் மாடி. வாசல்ல போலீஸ். அவனுக்கும் வேளாவேளைக்குச் சாப்பாடு போகுதாம்பா. ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு ரோஷமே கிடையாது."

நெடுநேரம் கழித்து அண்ணி, முகத்தைத் திருப்பாமலேயே, "எவ்வளவு குடுக்கணும்னு சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"முதல் நாள் ரொம்பக் கம்மி. ஸ்பூன் கணக்கு. ரெண்டு மணிக்கு ஒரு தடவை. ரத்தம் பாத்துட்டுத்தான் கூட்டணும்."

"நீ அளந்து குடு. ஊட்டறது நான். நடுவுல கை நீட்டினே, இந்த விரலுக்குப் பதிலா உன் கை பூராவும் போயிடும்."

"சரி அண்ணி."

"எனக்குத் தெரியாம ஒரு சொட்டுக் கொறைச்சே..."

"கொறைக்க மாட்டேன்."

"கூட்டினாலும் கொல்லுவேன்" என்றாள் அண்ணி. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். தராசு அவளைத் தொடவில்லை. தொட இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.

நாளை காலை ரத்தம் எடுத்ததும், பி ஒன்று ஊசி போட்டாயிற்றா என்று நர்ஸிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு ஸ்பூன் பால், சர்க்கரை இல்லாமல், அளந்து அண்ணியின் இடது கையில் கொடுக்க வேண்டும்.